கடலுக்குக் கூட்டிப்போகிறீர்கள், கடலைச் சொல்லிக்கொடுக்க மாட்டீர்களா?

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை ஆசிரியருக்கும்,

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தனுப்பினீர்கள். ஒன்று, ஜனவரியில் மாமல்லபுரம், புதுச்சேரி இரண்டு நாள் சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவம். இன்னொன்று, சுற்றுலாவுக்கு முன்பு சமூக அறிவியல் டீச்சர் எடுப்பதாக இருந்த சுனாமி பாதுகாப்பு வகுப்பு ரத்து என்ற அறிவிப்பு. நம் மாவட்டத்துக்குத் தொடர்பில்லாத பேரிடரைச் சொல்லி மாணவர்களை வீணாக அச்சப்படுத்த வேண்டாம், அந்த நேரம் கணிதத் திருப்புதலுக்குப் பயன்படும் என்று காரணமும் போட்டிருந்தீர்கள். கடலுக்குப் போக ஒரு தாள், கடலைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒரு தாள். இரண்டையும் சேர்த்து ஒரே பின் குத்தி அனுப்பியிருந்தீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "வேலூருக்கு ஏதுங்க கடல்?" என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ யாருடைய பெயரையோ எழுதவில்லை, ஏனென்றால் இந்த நினைப்பு உங்கள் பள்ளியில் மட்டும் இருப்பதல்ல.

வேலூருக்குக் கடல் இல்லைதான். பழைய வட ஆற்காட்டை 1989இல் பிரித்தார்கள், 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரித்தார்கள். எந்தத் துண்டுக்கும் ஒரு முழம் கடற்கரைகூடக் கிடைக்கவில்லை. நம் பாலாறு கடல்வரை போய்ச் சேர்கிறது, அதுவும் தண்ணீர் வருகிற ஆண்டில். ஆனால் நம் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். நான்கு நாள் லீவு விட்டால் மாமல்லபுரம். புத்தாண்டுக்குப் புதுச்சேரி. செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி. அமாவாசைக்கு ராமேஸ்வரம், வேண்டுதலுக்குத் திருச்செந்தூர். கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்கு அலையின் குணம் ஓரளவு தெரியும், வீட்டில் பெரியவர்கள் அதட்டி வைத்திருப்பார்கள். நம் பிள்ளைக்குக் கடல் வருஷத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் விளையாட்டு மைதானம். பேன்டை மடித்துவிட்டு இறங்கிவிடுவான். அவனுக்குத்தான் அந்த வகுப்பு வேண்டும்.

இதை யாரோ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நான் வேளாங்கண்ணியில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்காக எங்கள் தெருவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போயிருந்தோம். சுமத்ரா தீவை ஒட்டிக் கடலுக்கடியில் பூமி உடைந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.28. அலை தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய ஒன்பது மணி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் வேளாங்கண்ணியில் பூசை நடந்தது, இட்லி விற்றது, கடைகளில் மெழுகுவர்த்தி வாங்கினார்கள், குளிக்கக் கடலுக்குப் போனார்கள். வரப்போவது எங்களில் யாருக்கும் தெரியாது. அன்று இந்தியாவில் சுனாமிக்கென்று எச்சரிக்கை மையமும் கிடையாது.

என் அப்பாவுக்கு வெந்நீர் கிடைக்கத் தாமதமானதால் நாங்கள் லாட்ஜின் இரண்டாம் மாடியிலேயே இருந்துவிட்டோம். அங்கிருந்து நான் பார்த்தது சினிமாவில் காட்டுகிற மாதிரி சுருண்டு எழும் அலை அல்ல. கடைத்தெருவிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்பாக, பலகையும் தகரமும் தள்ளுவண்டியும் சுமந்துகொண்டு தண்ணீர் வந்தது. வந்து உடைந்து திரும்பவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. அதில் நீந்தத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசமே இல்லை. அடித்துப்போனது தண்ணீர் மட்டும் அல்ல, தண்ணீருக்குள் இருந்த மரமும் இரும்பும்.

அப்புறம் தண்ணீர் வடிந்தது. நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததை. முடிந்துவிட்டது என்று நினைத்து மாடிகளிலிருந்து ஜனங்கள் இறங்கினார்கள். பிள்ளையைத் தேடிப் போனவர்களை யாராலும் தடுத்திருக்க முடியாது, தடுக்கவும் மனம் வராது. ஆனால் செருப்பையும் பையையும் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். கடல் எவ்வளவு தூரம் வற்றியிருக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள். அடுத்த அலை அவர்கள் மேல் வந்தது. எங்களோடு வேனில் வந்தவர்களில் ஓர் அம்மாவும் அவருடைய மகனும் ஊர் திரும்பவில்லை. அந்தப் பையன் அப்போது எட்டாம் வகுப்பு.

தமிழகத்தில் அன்று ஏறக்குறைய எட்டாயிரம் பேர் இறந்தார்கள், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அந்தக் கணக்கில் வெளியூரிலிருந்து வந்த பக்தர்களும் இருக்கிறார்கள். அதனால் "நம் மாவட்டத்துக்குத் தொடர்பில்லாத" என்று நீங்கள் எழுதியதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

டீச்சர் அந்த வகுப்பில் என்ன சொல்வதாக இருந்தார் என்று என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயமுறுத்துகிற விஷயம் அதில் ஒன்றும் இல்லை. பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது. அவற்றில் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. உராய்ந்து சிக்கிக்கொண்ட இடம் நூற்றாண்டுக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கி நின்றுவிட்டு ஒரே நாளில் விடுபடுகிறது. 2004இல் அப்படி விடுபட்ட பகுதி சுமார் 1,300 கிலோமீட்டர் நீளம், நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடல் தரை மேலே எழும்பினால் அதன் மேல் இருக்கும் தண்ணீர் முழுவதும் தூக்கப்படும். காற்று கிளப்பும் அலையில் அசைவது மேல்பரப்பு, சுனாமியில் அடிமுதல் மேல்வரை மொத்தக் கடலும் நகர்கிறது. அந்தப் பிளவு வடக்கு தெற்காக ஓடியதால் அலையின் பலம் கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. கிழக்கே தாய்லாந்து, மேற்கே இலங்கையும் நாமும். வடக்கே இருந்த வங்கதேசம் பெரும்பாலும் தப்பித்ததற்கு இதுதான் காரணம்.

கணிதத் திருப்புதல்தான் வேண்டுமென்றால் இதையே கணக்காகப் போடலாமே. சுனாமியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கடலின் ஆழத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் இருக்கிறது. ஆழம் 4,000 மீட்டர் என்றால் 9.8ஐ 4,000ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், நொடிக்கு 198 மீட்டர் வரும். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், ஒரு விமானத்தின் வேகம். அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டில் முன்வண்டி மெதுவாகிறது, பின்னால் வருகிற வண்டிகள் அதே வேகத்தில் வந்து குவிகின்றன. அப்படித்தான் கரைக்கு அருகில் தண்ணீர் குவிந்து உயர்கிறது. நடுக்கடலில் அன்று அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை என்று செயற்கைக்கோள் அளந்திருக்கிறது. ஆழ்கடலில் படகில் இருந்தவர்களுக்கு அது கடந்துபோனதே தெரியவில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றாலும் மணலில் ஓடும் பிள்ளையால் அதை முந்த முடியாது. அலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு, அதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு பீரியட் போதும்.

நம் ஊரில் பெரியவர்களுக்குத் தெரிந்ததும் அரைகுறைதான். "கடல் உள்வாங்கினால் ஓடிவிடு" என்று எல்லாருக்கும் தெரியும். அது சரி, ஆனால் பாதி. 2004இல் தாய்லாந்துப் பக்கம்தான் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த நமக்கும் இலங்கைக்கும் ஏற்றமே முதலில் வந்தது, இறக்கம் பிறகு. கடல் உள்வாங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவனுக்கு அந்த முன்னறிவிப்பு கிடைக்காமலே போகலாம். இன்னொரு பக்கம், திருச்செந்தூரில் பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் கடல் உள்வாங்குவதும், பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிவதும், பக்தர்கள் அதன் மேல் நின்று செல்ஃபி எடுப்பதும் அடிக்கடி செய்தியாக வருகிறது. அது மணிக்கணக்கில் மெல்ல நடக்கிற வற்றம். சில நிமிடங்களில் கடல் தரை வெறித்துப்போனால் அது வேறு விஷயம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, முதல் முறை பார்த்துப் பழகிய தைரியத்தில் இரண்டாம் முறையும் பாறையை நோக்கித்தான் போவான். 2004இல் மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது நீருக்கடியில் கிடந்த பழங்கற்கள் வெளியே தெரிந்தன. அங்கேதான் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். வரலாற்றுப் பாடத்தில் பல்லவரைப் படித்த பிள்ளைக்கு அந்தக் கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசை வராதா?

புதுச்சேரியில் சுண்ணாம்பாறு படகுத்துறையும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. ஆறு என்றால் ஆபத்தில்லை என்று நமக்குத் தோன்றும், நாம் பார்க்கும் ஆற்றில் மணல்தானே இருக்கிறது. கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறும் காயலும் சுனாமிக்கு உள்ளே வருவதற்கான வாசல். 2004இல் சென்னையில் அடையாறு, கூவம் வழியாகவும் கடல் நீர் உள்ளே ஏறியது. ஆற்றோரமாக ஓடித் தப்பிக்க நினைக்கக் கூடாது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்.

நீங்கள் கேட்கலாம், இப்போதுதான் எச்சரிக்கை மையம் இருக்கிறதே என்று. இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எங்கே தெரியுமா? ஹைதராபாத்தில். கடற்கரையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கண்காணிக்கிறார்கள், நமக்குத்தான் கடல் சம்பந்தமில்லாத விஷயம். பெரிய நிலநடுக்கம் நடந்தால் பத்து நிமிட அளவில் முதல் அறிவிப்பு வந்துவிடும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்து, நம் கடற்கரைகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றினார்கள். அந்த முறை தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் தரை பெரிதாக எழும்பவில்லை, அழிவும் இல்லை.

ஆனால் ஹைதராபாத்திலிருந்து கிளம்பும் அறிவிப்பு எண்பது பிள்ளைகளோடு மணலில் நிற்கும் டீச்சரிடம் எப்படி வந்து சேரும்? அவர் போன் பையில், பை பஸ்ஸில், பஸ் அரை கிலோமீட்டர் தள்ளி பார்க்கிங்கில், டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார். செய்தி வந்தாலும் எந்தப் பக்கம் ஓடுவது, எந்தக் கட்டடத்தில் ஏறுவது, எவ்வளவு நேரம் மேலேயே இருப்பது? உள்ளூர்க்காரருக்குச் சந்து பொந்து தெரியும். நம்மவர்களுக்குத் தெரிந்தது பஸ் நின்ற இடம் மட்டும்.

சரி, சுனாமி அபூர்வம்தானே என்பீர்கள். ஆமாம், நூறு வருஷத்தில் சில முறை வருவது. ஆனால் அந்த வகுப்பில் டீச்சர் கள்ளக்கடலைப் பற்றியும் சொல்வதாக இருந்தார், அது அபூர்வம் இல்லை. எங்கோ தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் வீசிய புயல்காற்று கிளப்பிய நீளமான அலைகள், இங்கே வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது கரையில் வந்து மோதும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில், திருச்சியில் மருத்துவம் படித்த பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது. கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. படிப்பில் நம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல அவர்கள். கடல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்கும் பழக்கம் உள்நாட்டு ஊர்களில் யாருக்கு இருக்கிறது?

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பதற்கு இரண்டே உதாரணம் சொல்கிறேன். சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாட்டிமார் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், குன்றுக்கு ஓடு, எதையும் எடுக்காதே. 2004இல் பூமி உடைந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. முக்கால் லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழ்ந்த அந்தத் தீவில் சுனாமியில் இறந்தவர்கள் ஏழு பேர். நூறு வருஷமாகப் பயமுறுத்தி வளர்த்ததாலா பிழைத்தார்கள்?

இன்னொன்று டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி. தாய்லாந்தின் புக்கெட்டில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் இரண்டு வாரத்துக்கு முன்பு புவியியல் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து கத்தினாள். கடற்கரையைக் காலி செய்தார்கள், ஏறக்குறைய நூறு பேர் தப்பினார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், நம் ஆண்டு விழாக்களில்கூடச் சொல்வார்கள். யாரும் கவனிக்காத ஒரு விஷயம், அவள் படித்த பள்ளி இருந்த சர்ரே மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. அவளுடைய புவியியல் ஆசிரியரிடம் யாரும் "நம் மாவட்டத்துக்குத் தொடர்பில்லாத பாடம்" என்று சுற்றறிக்கை அனுப்பவில்லை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கைச் சீற்றங்களால் ஏற்படும் எந்த விளைவுக்கும் பள்ளி பொறுப்பாகாது என்று கடைசி வரி போட்டிருக்கிறீர்கள். பொறுப்பு வேண்டாம் என்று எழுதும்போது மட்டும் இயற்கைச் சீற்றம் ஞாபகத்துக்கு வருகிறது. வகுப்பு எடுக்க வேண்டும் என்றால் அது வேறு மாவட்டத்து விஷயமாகிவிடுகிறது.

நான் கேட்பது இவைதான். ரத்து செய்த வகுப்பை, சுற்றுலாவுக்கு முன்பு, அதே டீச்சரை வைத்தே நடத்துங்கள். கூட வரும் ஆசிரியர்களும் பஸ் டிரைவரும் உதவியாளரும் அந்த வகுப்பில் உட்காரட்டும். மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் பிள்ளைகள் இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும், நடந்தே போய்ச் சேரக்கூடிய உறுதியான மாடிக் கட்டடம் அல்லது மேட்டுநிலம் எது என்று முன்கூட்டியே பார்த்து ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதி பெற்றோருக்கும் தாருங்கள். ஏறிய பிறகு, அதிகாரிகள் ஆபத்து நீங்கியது என்று சொல்லும்வரை, எத்தனை மணி நேரமானாலும் யாரையும் கீழே விடக்கூடாது என்பதையும் அதில் எழுதுங்கள். கிளம்பும் அன்று காலையிலும் மறுநாள் காலையிலும் கடல் அறிவிப்பைப் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் கடற்கரையை விட்டுவிடுங்கள். சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரட்டும், ஒன்றும் குறைந்துபோகாது. பிள்ளைகள் மணலில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு ஆசிரியர் கையில் போனோடு, பேரிடர் எச்சரிக்கைச் செயலியைத் திறந்து வைத்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் நிற்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 இரண்டும் எல்லா ஆசிரியர் போனிலும் இருக்கட்டும். டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாது. ஒப்புதல் படிவத்தின் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள்.

இந்த ஒரு சுற்றுலாவோடு விட்டுவிடவும் வேண்டாம். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று பேரிடர் பாடத்தைத் தாண்டிப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள். நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் அன்று ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குவது பெரிய காரியமல்ல.

என் மகளின் படிவம் கையெழுத்து இல்லாமல் என்னிடம் இருக்கிறது. அவளைப் போகவிடாமல் வைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. அவள் கடலைப் பார்க்க வேண்டும், சிநேகிதிகளோடு நனைந்துவிட்டும் வர வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை விடுவதற்கு முன்பு, மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். எனக்கு மட்டும் அல்ல, சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த எல்லாப் பெற்றோருக்கும்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை,
காட்பாடி